மூன்று லாட்ஜும் ஒரு பூட்டும்

பூட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியோ சீட்டோ இல்லை. பூட்டிய கதவு ஒன்றைப் பார்த்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, இவர் அலமாரிப் பூட்டைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். துக்க வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு நிமிடம் குனிந்து, சாவித்துளையைப் பார்த்துவிட்டுத்தான் நுழைவார். இறந்தவர் மேல் எவ்வளவு மரியாதை என்று மற்றவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். அவர் மனைவிக்குத்தான் விஷயம் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக உள்ளே போய்விடுவாள்.

சந்தைக்குப் போகும் வழியில், நாலடிக்கு ஆறடியில் அவர் கடை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு மேசை, சுவர் முழுக்கச் சாவி. முப்பது வருடமாக அந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஊரில் பாதி வீட்டுச் சாவி அவர் வெட்டியது. மீதிப் பாதி வீட்டுக்காரர்கள் இன்னும் தொலைக்கவில்லை, அவ்வளவுதான். தங்கமான மனுஷன். கோபம் மட்டும் வரக்கூடாது. வந்தால் போகாது.

அப்படி வந்து போகாத கோபம் ஒன்று அவரிடம் பதினோரு வருடமாக இருந்தது.

மனைவியின் தம்பி பெரிய நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிறவன். பொறுமைசாலி, மறதிக்காரன். கல்யாணமான கையோடு அவன் அங்கே மாடியில் ஒரு வீடு வாங்கினான். பூட்டுக்காரர் இருபது நாள் கடையை அடைத்துவிட்டு அவனுக்காக ஒரு பூட்டுச் செய்தார். சரியான சாவிக்கு மட்டும் ஒன்றாக எழும் எட்டு லீவர் தகடுகள் வைத்த கதவுப் பூட்டு. கடையில் விற்கும், பல் வெட்டாத சாவித் துண்டைக் கையால்கூடத் தொடவில்லை. பழைய லாரியின் வில்பட்டையை அறுத்து, ராவி, இரண்டே இரண்டு சாவி செய்தார். நகரத்துக்கு அவர் போகவில்லை. இரைச்சல் ஆகாது என்றார். கதவில் எப்படிப் பதிக்க வேண்டும் என்று தச்சருக்குப் படம் வரைந்து, மனைவியிடம் கொடுத்தனுப்பினார். கூடவே மச்சினனுக்கு ஒரு துண்டுச் சீட்டு: ‘சாவியைத் தொலைத்தால் என் முகத்தில் விழிக்காதே.’

ஒரு மாதம் ஆகவில்லை. மச்சினன் போன் செய்தான்.

“மச்சான், உங்க பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு. இங்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து தொறந்துட்டேன்.”

மக்கர் பண்ணியது என்பதைக்கூட மன்னித்திருப்பார். ஆனால் இன்னொருவன்! எவனோ ஒருவன், பேர் ஊர் தெரியாதவன், தன் பூட்டில் கை வைத்தான்! தன் பூட்டு அவனுக்குத் திறந்தது! பூட்டுக்காரர் போனை வைத்தவர்தான். அவன் வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். இதெல்லாம் ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். சொத்துத் தகராறு என்றால் நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவளுக்கு அவன் ஒரே தம்பி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இந்தப் பதினோரு வருடத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஏதாவது வந்தால், மண்டபத்து வாசலில் நின்று அவனோடு ஐந்து நிமிடம் பேசுவாள், அவ்வளவுதான். அவன் பேச்சை எப்போது எடுத்தாலும் பூட்டுக்காரர் ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் எடுத்துவிடுவார். கரகரவென்று ராவ ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரரே காதைப் பொத்திக்கொள்வார். அவள் வாய் அசைவது தெரியும், ஒரு சொல் கேட்காது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் மகள் அந்த நகரத்திலேயே படித்து முடித்துப் பட்டம் வாங்கப் போகிறாள் என்று செய்தி வந்தது. விழாவன்று காலை ஒன்பதரைக்கு அரங்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முந்தின நாளே போய்த் தங்கினால்தான் ஆகும். எங்கே தங்குவது? மகள் இருப்பது பெண்கள் விடுதி. அப்பாவுக்கு வாசல்வரைதான் அனுமதி.

“வேற எங்க இருக்கு எடம்?” என்று மனைவி ஆரம்பித்தாள். அவர் கை அரத்தைத் தேடியது.

“சரி சரி, லாட்ஜ்லயே தங்கலாம். உங்க பொண்ணு மூணு எடம் பாத்து வச்சிருக்கா” என்றாள் அவள்.

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதை அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

காலைப் பேருந்தில் கிளம்பி, மதியம் நகரத்தில் இறங்கினார்கள். பூட்டுக்காரருக்கு ஐம்பத்தாறு வயதில் இதுதான் முதல்முறை. அத்தனை உயரக் கட்டடங்களையும் அண்ணாந்து பார்க்காமல், அவர் வழியெல்லாம் கடைகளின் ஷட்டர் பூட்டுகளையே பார்த்துக்கொண்டு நடந்தார். “ஊரு பெருசுதான். பூட்டெல்லாம் பொம்மை” என்றார்.

முதல் லாட்ஜ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. பல்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த மேனேஜர் ஏழாம் எண் அறைக்குக் கூட்டிப் போனார். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தொங்கு பூட்டு. மேனேஜர் சாவியைத் தேடிக்கொண்டிருக்க, பூட்டுக்காரர் திரும்பாமலே மனைவி பக்கம் கையை நீட்டினார். அவளும் ஒன்றும் கேட்காமல் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். முப்பது வருடத் தாம்பத்தியம் சும்மாவா! மேனேஜர் நிமிர்ந்தபோது பூட்டு திறந்து கிடந்தது.

“சார், சாவி இருக்கே சார்!”

“சாவி இருக்கறவனுக்கு எதுக்குய்யா பூட்டு? இல்லாதவனுக்குத்தானே போடறோம்?”

“எங்க லாட்ஜ்ல இதுவரைக்கும் ஒரு திருட்டு நடந்ததில்ல சார்.”

“வந்தவங்களுக்குத் திருட மனசில்ல போலருக்கு. உள் தாழ்ப்பாளாவது ஒழுங்கா இருக்கா?”

இதைக் கேட்டதோடு விட்டிருந்தால் அங்கேயே தங்கியிருப்பார்கள். அவரோ எட்டாம் எண் அறைக் கதவின் இடுக்கைப் பார்த்துவிட்டார். பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து இடுக்கில் நுழைத்து மேலே ஒரு நெம்பு. டப்பென்று தாழ்ப்பாள் விழுந்தது. கதவு திறந்தது. உள்ளே இடுப்பில் துண்டோடு, தலைக்குப் பாதி மை பூசியும் பூசாமலும் ஒரு ஆள், கையில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார்.

“பாத்தீங்களா? உங்களுக்கு இங்க பாதுகாப்பே இல்ல” என்றார் பூட்டுக்காரர் அவரிடம் அக்கறையாக.

அந்த ஆள் வீசிய பிரஷ் பூட்டுக்காரரின் தோளில் பட்டு, வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு அப்பியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் தம்பதியர் பையோடு தெருவில் நின்றார்கள். மனைவிக்குக் கோபம் வரும் என்று அவர் பயந்தார். அவளோ, “பரவால்லங்க, இன்னும் ரெண்டு இருக்கே” என்றாள்.

இரண்டாவது லாட்ஜ் பளபளவென்று இருந்தது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த பெண் சாவிக்குப் பதிலாக ஒரு அட்டையைக் கொடுத்தாள். பூட்டுக்காரர் அதை முன்னும் பின்னும் திருப்பினார்.

“சாவி எங்கம்மா?”

“இதுதான் சார் சாவி.”

“இதுல பல்லு இல்லையே?”

மூன்றாம் மாடியில், கதவில் சாவித்துளையே இல்லை. அட்டையை நீட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்துகொண்டது. பூட்டுக்காரர் ஆறு தடவை மூடினார், ஆறு தடவை திறந்தார். துளை இல்லாத பூட்டு! கம்பியை எங்கே விடுவது? காதை எங்கே வைப்பது? உண்மையைச் சொன்னால், அவருக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஆனால் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. “தங்கலாம்” என்று முனகினார். மனைவியின் முகம் ஏனோ சுருங்கியது. அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கதவையே பார்த்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நகரத்தை வேடிக்கை பார்த்தார். இரண்டு நிமிடம்கூட முடியவில்லை. கதவின் உள்பக்கம் நாலு திருகாணிகள் வரிசையாக நின்று ‘வா, வா’ என்றன. பையில் திருப்புளி இருந்தது. மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் போகிறவருக்குத் திருப்புளி எதற்கு என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் சீப்பு எடுத்துப் போவதில்லையா, அந்த மாதிரி.

மூடியைக் கழற்றினார். உள்ளே நாலு பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே பேட்டரி! அவருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா உன் வண்டவாளம்! இன்னும் கொஞ்சம் கழற்றினார். எல்லாவற்றையும் பார்த்துத் திருப்திப்பட்டு, ஒவ்வொன்றாகப் பொருத்தி, கடைசித் திருகாணியையும் முறுக்கினார். உள்ளங்கையில் ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சம் இருந்தது.

கைப்பிடியை அழுத்தினார். கதவு அசையவில்லை. அட்டையைக் காட்டினார். அட்டையைத் தடவினார். அட்டையை அட்டை என்றும் பாராமல் திட்டினார்.

“என்னங்க?” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

“ஒண்ணுமில்ல. நீ தூங்கு.”

ஒரு மணி நேரம் போராடினார். சட்டையைக் கழற்றிப் போட்டார், மண்டி போட்டார், மல்லாந்து படுத்துக் கீழிருந்து பார்த்தார். முப்பது வருடம் ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவர் நாலு பேட்டரிக்குள் மாட்டிக்கொண்டார். ஆளைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. “என் பொணம்தான் வெளிய போகும்” என்றார். அவளே போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

சீருடை போட்ட ஆள் ஒருவர் வந்து, வெளியிலிருந்து ஏதோ சின்னக் கருவியை வைத்து அரை நிமிடத்தில் திறந்தார். பிய்ந்த மூடியைப் பார்த்தார். பூட்டுக்காரரின் உள்ளங்கையில் இருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

“சார் என்ன வேலை பாக்கறீங்க?”

பூட்டுக்காரர் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “விவசாயம்” என்றார்.

மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து, பாவம் அந்தம்மா பயந்து அழுகிறார் என்று நினைத்த அந்த ஆள், புதுப் பூட்டுக்கான செலவைப் பற்றிப் பேசாமல், இறங்கிப் போனால் போதும் என்று கும்பிட்டார்.

மூன்றாவது லாட்ஜுக்குப் போகும்போது மணி ஐந்து. மகள் ஒத்திகையை முடித்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள். அப்பாவின் தோளில் இருந்த கறுப்பைப் பார்த்து, “என்னப்பா இது?” என்றாள். “ஊரு அழுக்கு” என்றார் அவர்.

அங்கே நல்ல பித்தளைப் பூட்டு. பன்னிரண்டாம் அறை. சாவியைப் போட்டுத் திருப்பியதும் அவர் முகம் மலர்ந்தது. இழுவை சுத்தம், சத்தம் சுத்தம். “இது பூட்டு” என்றார். மகள் நகத்தைக் கடித்தாள். உள்ளே போகக் காலை எடுத்து வைத்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று அதே சாவியைப் பதின்மூன்றாம் அறையில் போட்டார். திறந்தது. பதினொன்று, திறந்தது. பத்து, ஒன்பது, எட்டு! விடுவிடுவென்று நடைகூடத்தின் கோடிவரை போய்விட்டார். ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு தலை முளைத்தது. ஒருத்தர் பல் விளக்கும் நுரையோடு வந்தார்.

“ஒரு சாவியைத் தொலைச்சாலும் இன்னொண்ணை வச்சுத் தொறந்துக்கலாம்ல சார், அந்த வசதிக்குத்தான்” என்றார் அந்த லாட்ஜ் மேனேஜர்.

வசதி! பூட்டுக்காரர் இந்த ஒரு சொல்லுக்கே அங்கே கால் மணி நேரம் கத்தினார். அதற்குள் வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது.

லாட்ஜ் வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். “வேற லாட்ஜ் பாக்கலாம்” என்றார் அவர். மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் வரல. எனக்குக் கால் வலிக்குது. நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்.”

தெருவில் அரத்துக்கு எங்கே போவார்? முதல்முறையாக அவர் முழுசாகக் கேட்க வேண்டியதாயிற்று.

“பதினோரு வருஷம். அவன் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல நான். நீங்க சொன்னீங்கன்னு வாயை மூடிட்டு இருந்தேன். எனக்கு மட்டும் மனசு இல்லையா? என் தம்பி இருக்கற ஊர்ல, தலைக்கு மை பூசறவன்கிட்ட எல்லாம் அடி வாங்கிட்டு, எடம் இல்லாம தெருவுல நிக்கறேன். இனிமே என்னால ஆகாது. நீங்க எங்க வேணா தங்குங்க. காலைல அரங்கத்துக்கு வந்துருங்க, போதும்.”

சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் சமாதானம் செய்திருப்பார். நிதானமாகச் சொல்கிறவளை என்ன செய்வது? “கொண்டு போய் விடறேன். நான் படி ஏற மாட்டேன்” என்றார்.

அந்த வீடு நாலு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. சொன்னபடியே அவர் படிக்கட்டின் அடியில், மழைச்சாரல் படாத மூலையில் நின்றுகொண்டார். அம்மாவும் மகளும் ஏறிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“வீடு பூட்டிருக்குங்க!”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நிமிடம் போயிற்று. “என்ன பூட்டு?” என்று கேட்டார், தன்னையறியாமல்.

“எனக்கென்ன தெரியும்? ஏதோ பெருசா இருக்கு.”

“தொங்கு பூட்டா, கதவுலயே பதிச்சதா?”

“இருட்டா இருக்கு, சரியாத் தெரியல.”

அவர் முதல் படியில் கால் வைத்தார். வாசற்படி என்றால் வீட்டு வாசற்படிதான், மாடிப்படி கணக்கில்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். முதல் மாடியில் நின்று, “தொளை வட்டமா, நீளமா?” என்றார். “கீழ கொஞ்சம் அகலமா இருக்குப்பா” என்றாள் மகள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

அவர் பூட்டுத்தான். எண்ணெய் போட்டுத் துடைத்து, பதினோரு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட மினுமினுப்பாக இருந்தது. அவர் மண்டி போட்டு உட்கார்ந்து, விரலால் துளையைச் சுற்றித் தடவினார். கீறல். கண்டவன் கம்பி விட்டுக் குடைந்த கீறல். பழைய கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

“எவனோ ஒருத்தன் தொறந்தானாம்ல! அவனால முடிஞ்சது என்னால முடியாதா? தள்ளுங்க.”

பையைத் திறந்து கம்பிகளைப் பரப்பினார். லீவர்கள் எட்டும் அவருக்குக் குழந்தைகள் மாதிரி. ஒன்றைத் தூக்கினார், இரண்டைத் தூக்கினார், ஐந்து வரை போனார். சட்டென்று எல்லாம் விழுந்துவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: திருடனை ஏமாற்ற ஒரு லீவரை வேண்டுமென்றே பொய்யாக வைத்திருந்தார். எந்த லீவர் என்பது மறந்துபோயிருந்தது.

அரைமணி நேரம். முக்கால் மணி நேரம். வியர்வையில் தோள் மை கரைந்து முதுகுவரை இறங்கியது. எதிர் வீட்டுக் கதவு திறந்து, ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். கறுத்த முதுகோடு கதவைக் குடைகிற ஆளைப் பார்த்ததும் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“பயப்படாதீங்கம்மா, திருடன் இல்ல” என்றாள் பூட்டுக்காரர் மனைவி. “திருடனா இருந்தா இந்நேரம் உள்ள போயிருப்பான்.”

பூட்டுக்காரர் கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அவமானம் ஒரு பக்கம், உள்ளுக்குள் என்னவோ ஒரு குஷி இன்னொரு பக்கம். பூட்டு ஜெயித்துவிட்டது; செய்தவனுக்கே வழி விடவில்லை. அப்படியானால்... அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“என்னாலயே முடியல. அந்த ஆளு எப்படித் தொறந்தான்?”

மனைவி மகளைப் பார்த்தாள். படிக்கட்டில் யாரோ மூச்சிரைக்க ஏறி வரும் சத்தம் கேட்டது.

மச்சினன். தலைமுதல் கால்வரை நனைந்து, மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளியோடு வந்தான். அக்காவைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், இருந்த இடத்திலேயே நின்றுவிட்டான்.

“மத்தியானத்துலேருந்து லீவு போட்டுட்டுத் தேடறேன் மச்சான். கூப்பிட்டுப் பாக்கலாம்னு உங்க பொண்ணுகிட்ட லாட்ஜ் லிஸ்ட் வாங்கினேன். மொத லாட்ஜ்ல கேட்டேன், அடிக்க வந்துட்டாங்க. ரெண்டாவதுல, அந்த விவசாயிக்கு நீங்க என்ன ஒறவுன்னு கேட்டாங்க. மூணாவதுல உங்களைப் பத்திக் கேட்டதுமே மேனேஜர் கதவைச் சாத்திட்டார்.”

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. பதினோரு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை:

“யாருடா தொறந்தது?”

மச்சினன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். நனைந்த சட்டை, இன்னும் மங்கியது. பிறகு சொன்னான்.

“யாரும் தொறக்கல மச்சான். பூட்டு மக்கரும் பண்ணல. நான் சாவியைத் தொலைச்சுட்டேன். தொலைச்சா என் முகத்துல முழிக்காதேன்னு எழுதிருந்தீங்களே, பயந்துட்டேன். அதான் பொய் சொன்னேன். ஆள் வந்தது நெசம். ஒருத்தர் இல்ல, மூணு பேர் வந்தாங்க. ராத்திரி வரைக்கும் குடைஞ்சு பாத்துட்டு, இதைச் செஞ்சவன் மனுஷனான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. கடைசில பின்பக்கம் ஏணி வச்சு ஜன்னல் கம்பியை அறுத்துத்தான் உள்ள போனோம். இன்னொரு சாவி உள்ள அலமாரில இருந்துது.”

“இத ஏண்டா என்கிட்ட சொல்லல?”

“எங்க சொல்றது? போன் பண்ணா வச்சுடறீங்க. அக்காகிட்ட அப்பவே சொல்லிட்டேன்.”

பூட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

“நான் பதினோரு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கேன். நீங்க ராவிட்டு இருந்தீங்க” என்றாள் அவள். “இவர்கிட்ட சொன்னா ஏறாது, கதவு முன்னாடி கொண்டு வந்து நிறுத்தினாத்தான் ஏறும்னு உங்க பொண்ணுதான் சொன்னா.”

“ஒரு மாசமா லாட்ஜ் லாட்ஜா ஏறி எறங்கினேன்பா. பூட்டு சரியில்லாததாப் பொறுக்கி மூணு எடுத்தேன்” என்றாள் மகள்.

“ரெண்டாவது பூட்டு சரியாத்தானே இருந்துது?”

“அதுல தொளையே இல்லையேப்பா. நீங்க எப்படியும் கழட்டுவீங்கன்னு தெரியும்.”

பெற்ற பெண்! கோபப்பட வேண்டும் என்றுதான் அவர் வாயைத் திறந்தார். கோபம் வரவில்லை. மூன்று பேர் ராத்திரி வரை குடைந்தும் அசையாத பூட்டு கண் முன்னால் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பூட்டை வைத்துக்கொண்டு, இந்தப் பதினோரு வருடத்தை என்ன செய்துவிட்டேன் என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கியது. தோளில் இருந்த மையைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்திலும் மை ஏறியது.

“ஒரு சாவியை வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் இத்தனை நாள் ஓட்டினீங்க?” என்றார்.

“வேற வழி? இதைப் பாத்து ஒருத்தராலயும் இன்னொண்ணு வெட்ட முடியல. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரி டியூட்டி முடிச்சு மொதல்ல வந்தா இந்தப் படில உக்காந்திருப்பா. நான் மொதல்ல வந்தா நான் உக்காந்திருப்பேன். வேற பூட்டு போட்டுக்கலாம்னு அவளும் எத்தனையோ தடவை சொன்னா.”

“போட வேண்டியதுதானே?”

“உங்க பூட்டை எப்படி மச்சான் எடுக்கறது?”

அவன் கழுத்திலிருந்த கயிற்றைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே இழுத்தான். நுனியில் வில்பட்டைச் சாவி. பதினோரு வருடம் உடம்பில் பட்டுப் பட்டு வெள்ளி மாதிரி ஆகியிருந்தது. தலை வழியாகக் கழற்றி, மச்சானிடம் நீட்டினான்.

பூட்டுக்காரர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பல் பல்லாகப் பார்த்தார். பிறகு சாவியைப் போட்டுத் திருப்பினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கதவு திறந்தது. மனைவிதான் முதலில் உள்ளே போனாள். நேரே சமையலறைக்குப் போய் ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து நின்றபடியே குடித்தாள்.

அவர் வாசற்படியில் நின்றுகொண்டே சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மச்சான், அது ஒண்ணுதான் இருக்கு” என்றான் மச்சினன் பதறிப்போய்.

“தெரியுது. நாளைக்குச் சாயங்காலம் அரம் ஒண்ணு வாங்கி, இதே மாதிரி ரெண்டு வெட்டித் தரேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் பொண்டாட்டிக்கு.”

“அப்ப இது?”

“இது என்கிட்ட இருக்கும்” என்றார் பூட்டுக்காரர், படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தபடி. “அடுத்த தடவை வரப்ப நீ வீட்டுல இல்லன்னா, நான் லாட்ஜ் தேடிட்டு அலையறதா?”